விறகுக்குத் தண்ணீர் ஊற்றியவள்

என்னிடம் எத்தனை செடி இருக்கிறது என்று யாராவது கேட்டால், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்று வீட்டுப் பின்பக்கம் கையைக் காட்டிவிடுவேன். தேங்காய் மட்டையில் சில, மரக்கட்டையில் சில, உடைந்த பானையில் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்டுச் சில. பெரிய முதலியார்சாவடிப் பக்கமிருந்து காரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஆர்க்கிட் என்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பேர் விறகுப்பூ. பஸ்ஸை விட்டு இறங்கி விறகுப்பூக்காரம்மா வீடு எது என்று கேட்டால் போதும், நாலு பேர் வழி சொல்வார்கள். அந்தப் பேர் வந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

நான் எழுத்துக் கற்றது கோயிலில், ஞானோபதேச வகுப்பில். அதுவும் பாதிதான். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை. அந்தச் செடி எனக்கு முதல் பூவைக் காட்டவே நாலு வருஷம் எடுத்துக்கொண்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நானும் வீட்டுக்காரரும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தோம். அவர் பாத்தியில் உப்பு வாருவார். நான் தலையில் சும்மாடு வைத்துக் கூடையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டுவேன். மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அப்போது நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் முதல் பஸ்ஸில் பெருமுக்கல் பக்கம் விறகுக்குப் போவோம். சாயங்காலம் கட்டுகளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு திரும்புவோம்.

ஒரு புயலுக்குப் பிறகு போனபோது காற்றில் முறிந்து விழுந்த இலுப்பைக் கிளை ஒன்று கிடைத்தது. என் கை நீளத்துக்கு வெட்டிக் கட்டில் சேர்த்தேன். தொடை கனம். வீட்டில் கொண்டுவந்து போட்டபோதுதான் அதன்மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். தோல் வாரை நடுவில் மடித்து அடுக்கிய மாதிரி இலைகள். கிளையைக் கட்டிப்பிடித்த வெள்ளை வேர்கள். கட்டை ஈரமாக இருந்ததால் அடுப்பில் வைக்காமல் பின்சுவரில் சாய்த்துவைத்தேன். மற்ற விறகெல்லாம் எரிந்து தீர்ந்தது. ஒரு மாதம் கழித்து அதை எடுக்கப் போனால், புதிதாக ஒரு வேர் விட்டிருந்தது. நுனி பச்சையாக, ஈரமாக, விரல் நீட்டுகிற மாதிரி. எனக்கு அதை வெட்ட மனசு வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க. விறகுக்குத் தண்ணி ஊத்துறவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்."

"வேர் விட்டிருக்குது, வந்து பாருங்க."

"நாளைக்கு அடுப்புக் கல்லும் வேர் விடும். அதுக்கும் ஊத்து."

அடுத்த வீடு ஓரகத்தி வீடு, அவருடைய அண்ணன் மனைவி. வேலிக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டுச் சிரித்தாள். மறுநாள் குடிதண்ணீர் எடுக்கிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் விறகுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் ஆகிவிட்டேன்.

சிரிக்கட்டும். எங்கள் ஊரில் பூ என்பது அவ்வளவு அபூர்வம். உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், உப்பு மண். பூவரசும் உமரிச் செடியும் தவிர எதுவும் லேசில் நிற்காது. மல்லிக்கொடி வைத்தவர்கள் எல்லாம் ஒரு கோடை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். கோயிலில் மாதாவுக்குக்கூடக் காகிதப் பூதான். எங்கள் உபதேசியார், சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொண்டு செபம் சொல்லித்தருகிறவர், அவரே கத்தரித்து ஒட்டிச் செய்வார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடல் காற்று ஈரத்தில் சாயம் இறங்கி, மாதாவின் வெள்ளை முக்காட்டில் ரோஸ் கறை ஓடிவிடும். ஒரு நாள் செபத்தில் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் விறகில் பூத்தால் முதல் பூ உனக்குத்தான் என்று நேர்ந்துகொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே வந்து ஓரகத்தியிடம் சொன்னேன். அவளிடம் சொன்னால் கோயில் மணி அடித்த மாதிரி.

ரெண்டு நாளில் உபதேசியார் வீட்டுக்கே வந்துவிட்டார். குனிந்து செடியைப் பார்த்தார்.

"ஏம்மா, இது புல்லுருவி. வூட்டுக்கே ஆகாது. இதப் போயி மாதாவுக்கு நேந்துனு இருக்கிறியாமே?"

"இது புல்லுருவி மாதிரி தெரியலீங்களே."

"மரத்துமேல குந்தினு இருக்குதா இல்லியா? அடுத்த மரத்த உறிஞ்சிப் பொழைக்கிற ஜென்மம். நான் இருக்கிற வரைக்கும் இது கோயில் வாசப்படி தாண்டாது. சொல்லிட்டேன்."

அவர் போன பிறகும் அந்த வார்த்தை என் காதிலேயே நின்றது. அது எனக்குப் புதிய வார்த்தை இல்லை. சின்ன வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய், பிரம்மதேசத்தில் மாமா வீட்டில் வளர்ந்தேன். சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அத்தை என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். நான் களை பறித்தேன், சாணி அள்ளினேன், மாடு மேய்த்தேன். ஆனாலும் புல்லுருவிதான். அதனால் உபதேசியார் அந்தச் செடியைச் சொன்னபோது, சரி, இது என் கட்சி என்று முடிவு பண்ணிவிட்டேன். இதைப் பூக்கவைத்து அந்த வாசப்படியைத் தாண்டவைக்காமல் விடுவதில்லை.

முடிவு பண்ணிவிட்டால் செடி வளர்ந்துவிடுமா? முதல் வருஷம் நான் செய்தது முழுத் தப்பு. செடி என்றால் மண்ணில் நட வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரியும். பள்ளம் தோண்டி, சாணி போட்டு, கட்டையோடு பாதி புதைத்துவைத்தேன். வேர் பாதி அழுகிவிட்டது. வெளியே எடுத்துக் கழுவி, அதே கட்டையைப் பூவரசு மரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். அப்போதுதான் அதற்கு மூச்சு வந்தது. வேர் காற்றில் தொங்கியதே தவிர மண்ணைத் தேடவில்லை.

இரண்டாம் வருஷம் தண்ணீர்த் தப்பு. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆகும், வாயில் வைக்க முடியாது. அதை ஊற்றிவந்தேன். இலை நுனி கருகியது. எங்களுக்கு உப்பை அளக்கக் கருவி நாக்குதான். பாத்தித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் எத்தனை நாளில் உப்பு விழும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் வீட்டுக் கிணற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, பாருங்கள். பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மணல்மேட்டு ஊற்றில்தான் ஊரே குடிதண்ணீர் எடுக்கும். அதில் எனக்கு முகம் கழுவ வைத்துக்கொள்கிற சொம்பை அதற்குக் கொடுத்தேன். அளத்திலிருந்து வந்ததும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பு துணியில் வெள்ளையாக வரும்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் இலை இடுக்கிலிருந்து ஒரு தண்டு வந்தது. வேர் என்று நினைத்தேன். நாலு நாளில் அதில் பயறு பயறாக மொட்டு தெரிந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓரகத்தி வேலிமேல் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, நெசமாவே பூக்கப் போவுதாடி?"

அவள் கண் பட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. மற்ற வீடுகளில் என்றால் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டிருப்பார்கள். நாங்கள் கோயில்காரர்கள், அதெல்லாம் கூடாது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். கோயில் வாசலில் கல்தொட்டியில் மந்திரித்த தீர்த்தம் இருக்கும். நான் என்ன செய்தேன், ஒரு கிண்ணத்தில் அதை மொண்டுவந்து, காலையும் மாலையும் செடி தலையிலிருந்து கால்வரை தெளித்தேன். மொட்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெளித்தேன்.

எட்டாம் நாள் மொட்டு மஞ்சளானது. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து தரையில் கிடந்தது. அந்த வருஷத்துத் திருவிழாவும் காகிதப் பூவோடு போனது. உபதேசியார் என்னைப் பார்த்துவிட்டு மாதாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அது திட்டியதைவிட மோசம்.

காரணம் தெரியாமல் ரெண்டு வாரம் சுற்றினேன். ஒரு நாள் இலை மடிப்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. நான்தான் தினமும் துடைக்கிறேனே, எங்கிருந்து வந்தது? யோசித்துக்கொண்டே கோயிலுக்குப் போனேன். தீர்த்தத் தொட்டியில் விரலை விட்டேன். நெற்றியில் சிலுவை போட்டேன். பிறகு அந்த விரலை நாக்கில் வைத்தேன்.

தீர்த்தம் மந்திரிக்கும்போது கொஞ்சம் உப்புச் சேர்ப்பது வழக்கம். அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் உபதேசியார் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பூச்சி வராமலிருக்க ஒரு கை உப்பையும் போட்டுக்கொண்டிருந்தார் என்பது. தொட்டி ஓரத்திலேயே வாளியும் உப்புக் கூடையும் இருந்தன. எந்த உப்பு? அளத்தில் வருஷத்தின் முதல் உப்பு ஒரு கூடை கோயிலுக்குப் போகும். அந்த வருஷம் அந்தக் கூடையைச் சுமந்துபோனது நான்தான். என் தலையில் சுமந்த உப்பை என் கையாலேயே என் செடிக்குப் போட்டு மொட்டைக் கொன்றிருக்கிறேன். கோயில் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

அந்த மாதம் பங்குச் சாமியார் பூசைக்கு வந்தபோது செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சாமி, கோயில் தீர்த்தத்த நாக்குல வெச்சிப் பார்த்துட்டேன்."

"பக்தியிலதானே?"

"இல்ல சாமி. எவ்ளோ உப்புன்னு பார்க்க."

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் கிட்டே சாய்ந்தார்.

"எவ்ளோ?"

"இன்னும் ரெண்டு நாள் வெயில் பட்டா வாரிடலாம் சாமி."

உள்ளே சாமியாருக்கு இருமல் வந்துவிட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். பத்து அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். அன்றைக்கே தொட்டியைக் காலி பண்ணிப் புதுத் தண்ணீரில் ஒரே ஒரு சிட்டிகை போட்டு மந்திரித்தார். ஏன் என்று உபதேசியாருக்கு விளங்கவில்லை.

நாலாம் வருஷம் நான் யார் கண்ணுக்கும் பயப்படவில்லை. மழையும் மணல்மேட்டுத் தண்ணீரும்தான் கொடுத்தேன். மழைக்கு ஓட்டு விளிம்பில் பானை வைத்துப் பிடித்து, மூடிவைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர்கூட ஒரு நாள் நான் அளத்திலிருந்து வர நேரமானபோது இலையைத் துடைத்துவைத்திருந்தார். கேட்டால், தூசி கண்ணை உறுத்தியது என்றார்.

சித்திரை பிறந்ததும் ஒரே சமயத்தில் மூன்று தண்டு. மொட்டு விரிந்த அன்று காலை நான் அளத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு பூவும் ஒரு ரூபாய் நாணய அகலம். மங்கல் மஞ்சளில் பழுப்புக் கட்டம், கைலித்துணியில் போட்ட மாதிரி. வெளிப்பக்கம் வெள்ளை. நடுவில் ஒரு நாக்கு, அது மட்டும் நீலம் கலந்த ஊதா. வெயில் ஏறியதும் வாசனை வந்தது. பழுத்த திராட்சையா தேனா என்று சொல்ல முடியாத ஒரு வாசனை. வீட்டுக்காரர் கிட்டே வந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"விறகு நல்லாத்தான் மணக்குது," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

மே மாதம் மாதாவுக்கு உரிய மாதம். அந்த வாரமே கொடியேற்றம், ஒன்பதாம் நாள் தேர். பூவைக் கிள்ள மனசில்லை. கொடியேற்றத்தன்று கட்டையையே கயிறு அவிழ்த்து இறக்கி, உப்புக் கூடைக்கு வைக்கிற சும்மாட்டைத் தலையில் வைத்து, அதன்மேல் தூக்கிவைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். தெருவெல்லாம் பார்த்தது. உபதேசியார் வாசப்படியில் நின்றார்.

"இன்னாம்மா இது, கோயிலுக்கு விறகு தூக்கினு வர்ற? சோறு ஆக்கப் போறியா?"

"பூவு, உபதேசியாரே. என் நேர்த்திக்கடன்."

"புல்லுருவி உள்ள வராதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்ல."

நான் கட்டையை இறக்கி, வெட்டுப்பட்ட முனையை அவர் பக்கம் திருப்பினேன்.

"தட்டிப் பாருங்க."

"எதுக்கு?"

"தட்டித்தான் பாருங்களேன்."

அவர் விரல் மடக்கித் தட்டினார். டொக் என்று உள்ளே வெறுமையாகக் கேட்டது. மரத்தூள் கொட்டியது.

"இது செத்து நாலு வருசம் ஆவுது. புல்லுருவின்னா மரம் செத்தா அதுவும் செத்துடணும் இல்லீங்களா? இது ஏன் சாவல? செத்த கட்டையில உறிஞ்ச இன்னா இருக்குது, நீங்களே சொல்லுங்க. இது குந்தறதுக்கு எடம் கேட்டுது, அவ்ளோதான். யாரு சோத்தையும் தின்னல."

கூட்டம் கூடிவிட்டது. உபதேசியார் கையிலிருந்த மரத்தூளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார்.

"சரி, உள்ள எடுத்துனு வா. பீடத்துமேல இல்ல, கீழ ஓரமா வெய்யி. நாளைக்கு வாடினா நானே எடுத்து எறிஞ்சிடுவேன்."

"வாடினா எறிங்க," என்றேன். வாசப்படியைத் தாண்டினேன். வலது காலை வைத்தேன் என்று நினைவு.

அன்று மாதாவுக்குத் திண்டிவனத்திலிருந்து வரவழைத்த மல்லிகை மாலை. மறுநாள் மத்தியானத்துக்குள் அது பழுப்பாகிவிட்டது. மே மாத வெயிலுக்கும் எங்கள் காற்றுக்கும் மல்லிகை என்ன செய்யும்? காகிதப் பூ வழக்கம்போல ஈரத்தில் துவண்டது. என் பூ முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மூன்றாம் நாள், நாலாம் நாள். செபத்துக்கு வருகிற பெண்கள் முதலில் மாதாவைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தார்கள். ஈஸ்டர் தவிரக் கோயில் பக்கம் வராத என் வீட்டுக்காரர் ஐந்தாம் நாள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க வூட்டு விறகு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தினமும் சொம்பில் மழைத்தண்ணீர் கொண்டுபோய்த் தெளித்தேன். ஆறாம் நாள் உபதேசியார் தீர்த்தக் கிண்ணத்தை நீட்டினார்.

"இதத் தெளிக்கறதுதானே. புண்ணியமாச்சும் சேரும்."

"வேணாம் உபதேசியாரே. போன வருசம் மொட்டு உதிர்ந்தது உங்க தீர்த்தத்தாலதான். கை கையா உப்புப் போட்டு வெச்சிருந்தீங்க. இதுக்கு நல்ல தண்ணிதான் ஆவும்."

அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாமியார் தொட்டியைக் காலி பண்ணியது ஏன் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். காதுமடல் சிவந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் பொழுது சாய்கிற நேரம் தேர் ஜோடிக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே செருமல் சத்தம். உபதேசியார்.

"ஏம்மா, காலையில வெச்ச மாலை எல்லாம் தொங்கிப்போச்சி. தேர்ல மாதா பாதத்துல ஒண்ணும் இல்லாம இருக்குது. அத வெக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"எத?"

"அதான்... அந்தப் புல்..."

ஓரகத்தி வேலி ஓரம் வந்து நின்றாள்.

"அந்தப் பூவ," என்றார்.

"வெச்சிக்குங்க. ஆனா எனக்குக் காலையிலருந்து உப்பு சுமந்து கழுத்து வலிக்குது. நீங்கதான் தூக்கணும்."

சும்மாட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். கோயிலுக்குள் இருந்து அந்த இலுப்பைக் கட்டையை உபதேசியார் தன் வெள்ளைச் சட்டை மேல் தூள் கொட்டக் கொட்டத் தலையில் வைத்துத் தூக்கிவந்தார். நான் பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்தேன். ஓரகத்தி சும்மா இருப்பாளா?

"உபதேசியாரே, விறகு எங்க போவுது?"

"விறகு இல்ல. விறகுப்பூ," என்றார் அவர், திரும்பாமல்.

பேர் வைத்தது அவர்தான். தேர் அளத்துக் கரையோரம் போனது. மேடு பள்ளத்தில் குலுங்கியபோது வாழைத்தோரணம் சரிந்தது, காகிதப் பூ பறந்தது. மாதாவின் நீல அங்கிக்குக் கீழே என் பூவின் நீல நாக்குகள் மூன்று தண்டிலும் அப்படியே நின்றன. ஒன்றுகூட உதிரவில்லை. நான் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை கட்டையை எடுத்துவரக் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் அதை எனக்கு முன்பே தேரிலிருந்து இறக்கி, நிழலாக ஜன்னல் ஓரம் சாய்த்துவைத்திருந்தார். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். அவருடைய வேட்டியில் முழங்கால்வரை மணல்.

"ஊத்தறதுக்கு முன்னாடி நாக்குல வெச்சிப் பாரு," என்றார்.

விரலைத் தொட்டு வைத்தேன். மணல்மேட்டு ஊற்றுத் தண்ணீர்தான். துளி உப்பு இல்லை.

"ஊத்தலாம்," என்றேன். அவரே ஊற்றினார், விறகுக்கு.